வெட்டாமல் விட்ட பற்றையும் அண்ணாவின் செம்மறிகளும்

அண்ணாவுக்கு நினைவு மலர் ஒன்று வெளியிடுவது என்று முடிவானதும், அதில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் நெளுக்குளத்தில் தையற்கடை வைத்திருப்பவள். அளவு எடுப்பேன், வெட்டுவேன், தைப்பேன். எழுதிப் பழக்கமில்லை. "என்னைவிடப் படிச்ச ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்" என்று அண்ணாவின் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். விசுவமடுவில் ஆசிரியையாக இருக்கும் அவள் விடவில்லை. "மாமி, அப்பாவோட கூடுதலாச் சண்டை பிடிச்சது அம்மாவும் நீங்களும்தான். அம்மா எழுதமாட்டா. அப்ப நீங்கள்தான் எழுதவேணும்" என்றாள். கடையை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இப்படியான மலர்களை நானும் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் வருகிறவர்கள் எல்லோரும் அதிர்ந்து பேசாதவர்கள், யாருடைய மனமும் நோக நடக்காதவர்கள். எங்கள் அண்ணாவை அப்படி எழுதினால் வாசிக்கிற நீங்கள் சிரித்துவிடுவீர்கள். அண்ணா அதிர்ந்துதான் பேசுவார். குளக்கட்டில் நின்று கூப்பிட்டால் வயலின் அந்தத் தொங்கலில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அன்பு நிறைய இருந்தது. பிடிவாதமும் இருந்தது, அது அன்பைவிட ஒரு பிடி கூட. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் அம்மப்பா வீட்டில் பிறந்தார். தோட்டக்காணி பங்கு பிரிந்து பங்கு பிரிந்து, கடைசியில் ஐயாவுக்குக் கிணற்றில் ஒரு பங்குகூடத் தேறாத நிலை வந்தது. அப்போதுதான் ஐயாவும் அம்மாவும் கைக்குழந்தையான அண்ணாவைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். பூவரசங்குளத்துப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் அவர்களுக்கு வயலும், குளத்தின் மேற்புறமாக ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. நான் இங்கேயே பிறந்தவள். அதனால் அண்ணா என்னை "வன்னியாள்" என்பார். நான் அவரை "யாழ்ப்பாணத்தார்" என்பேன். இரண்டு பேருமே அதைத் திட்டாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

ஐயாவுக்கு முதுகு இயலாமற் போனதும் அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் இறங்கினார். விசுவமடுவிலிருந்து அண்ணியைக் கைப்பிடித்தார். ஒரே மகள். பிறகு வந்த இடப்பெயர்வுகளைப் பற்றி இங்கே விரித்து எழுதப்போவதில்லை. இதை வாசிக்கிற உங்களில் அநேகம் பேர் அதே பாதையால் அதே சாமான்களைச் சுமந்துகொண்டு நடந்தவர்கள். அண்ணாவும் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். கேட்டால், "உயிரோட வந்திட்டம், காணிக்கும் வந்திட்டம். இனி வேலையைப் பார்ப்பம்" என்பார்.

காணிக்கு வந்தோம் என்றுதான் சொல்வார். ஆனால் காணியைக் காணவில்லை. வயல் வரம்புகள் பரவாயில்லை, தேடினால் தெரிந்தன. மேட்டுக்காணி முழுவதும் பற்றை மூடிக் கிடந்தது. பாலையும் வீரையும் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டன. கீழே சூரையும் ஈச்சையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு நாய் நுழைய வழியில்லாமல் நின்றன. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, வேலை முடித்து, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போனபிறகு எல்லோரும் செய்ததையே அண்ணாவும் செய்தார். முன்பக்கத்தை மண் தள்ளுகிற டோசர் பிடித்துத் துப்புரவாக்கி வீட்டைப் போட்டார். கிழக்குப் பக்கத்துப் பற்றையை மாரிக்குப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்.

எங்கள் பகுதியில் காணி என்றால் வாசற்படலையில் நின்று பார்க்கப் பின்வேலி தெரியவேண்டும். அப்படித் தெரிந்தால்தான் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று மதிப்பு. பற்றை நிற்கிற காணியைக் கண்டால், "பாவம், ஆக்கள் இன்னும் வரேல்லைப்போல" என்று சனம் கதைக்கும். பாம்புப் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பற்றை வளர்ந்து மரமாகி நின்றால், எல்லை பார்க்க வருகிறவர்கள் அதைக் காடு என்று குறித்துவிட்டால் என்ன செய்வது? காணிக்குரிய பத்திரம் இடப்பெயர்வில் போய்விட்டது. புதிதாக எழுதிக் கேட்டிருந்தோம், வரவில்லை. அதனால் "வெட்டுங்கோ, வெட்டுங்கோ" என்று எல்லோரும் சொன்னோம். எல்லோரிலும் பலமாகச் சொன்னவர் அண்ணி.

இந்த நிலையில்தான் அண்ணா ஓர் உறவினர் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனார். திரும்பும்போது ஒரு பசுமாடு வாங்கி வருவதாகத்தான் வீட்டில் பேச்சு. பின்னேரம் ஒரு சின்ன லொறி படலையில் வந்து நின்றது. பின்னால் செம்மறிகள். செம்மறிகளுக்கு நடுவில் கலியாண வேட்டியோடு அண்ணா.

"மாடு எண்டல்லோ சொன்னனீங்கள்?" என்று அண்ணி கேட்டார்.

"மாடு ஒரு இடத்தில நிக்கும். இதுகள் பரந்து நிக்கும். காணி நிறைஞ்ச மாதிரி இருக்குமெல்லோ?" என்றார் அண்ணா.

செம்மறி என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார்கள் மாணவர்களைத் திட்டுகிற சொல். வெள்ளாடு வளர்த்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். செம்மறியைக் கொண்டுவந்ததும் ஊரே ஒருமுறை வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. நானும் சைக்கிளில் போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

மாரி தொடங்கியது. அண்ணா செம்மறிகளைத் துப்புரவாக்கிய வெளியில் பட்டி கட்டி விட்டிருந்தார். மண் உழுத வயல் மாதிரிச் சேறாகிவிட்டது. ஒருநாள் காலையில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் பட்டியின் ஒரு பக்கம் சரிந்து விழ, பாதி ஆடுகள் பாய்ந்து பற்றைக்குள் ஓடி மறைந்தன. மழை விடாமல் பெய்தது. பட்டியில் மிஞ்சி நின்றவற்றுக்குக் குளம்பு அழுகி, இருமல் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கின. உள்ளே ஓடியவை நரிக்குப் போயிருக்கும் என்று அண்ணா கைவிட்டுவிட்டார். மழை கொஞ்சம் ஓய்ந்த அன்று எதற்கும் பார்ப்போம் என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் தவழ்ந்து போனார். நானும் அண்ணியும் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். அவர் வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சூரைமுள் கீறல். வாயெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, உள்ளுக்க ஒரு ஊரே இருக்குதடி" என்றார்.

நடுவில் ஒரு பெரிய பாலை நின்றதாம். அதைச் சுற்றி மண் மேடாக இருந்ததால் தண்ணீர் தேங்கவில்லையாம். செம்மறிகள் அத்தனையும் அங்கே உலர்ந்த சருகில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தனவாம். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு ஒதுங்கியிருந்ததாம். முயல் ஒன்று இவரைக் கண்டும் எழும்பாமல் இருந்ததாம். வெளியில் தன் பராமரிப்பில் நின்ற ஆடு செத்தது, உள்ளே ஒருவரும் பாராத ஆடு பிழைத்தது என்று அண்ணா திரும்பத் திரும்பச் சொன்னார். பொங்கலுக்குப் பிறகு வருவதாக இருந்த டோசர்காரருக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்று தொடங்கிய சண்டை, அண்ணா கண் மூடும் வரைக்கும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் நான் எப்போதும் அண்ணியின் கட்சி.

பற்றையை விடுவது என்று தீர்மானித்த பிறகு அண்ணா சும்மா இருக்கவில்லை. உள்ளே ஆடு போய்வர இரண்டு ஒற்றையடிப் பாதைகள் வெட்டினார். அதற்கு மேல் ஒரு கொப்பைத் தொடவில்லை. வெளியான நிலத்தைக் கிளுவைக் கதியால் நட்டுத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒரு துண்டில் மேய்ந்து முடிந்ததும் ஆடுகள் அடுத்த துண்டுக்குப் போகும். மேய்ந்த துண்டு ஆறுதலாக வளரும். வளர்கிற புல்லுக்குள் காடையும் கௌதாரியும் வந்து சேர்ந்தன. ஆடு மேய்ந்து புல் கட்டையான இடங்களில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டை வைத்தன. உச்சி வெயிலில் ஆடுகள் பற்றைக்குள் போய்ப் படுக்கும். கரிக்குருவிகள் ஆட்டின் முதுகில் ஏறியிருந்து உண்ணி பொறுக்கும். இரவில் எல்லாவற்றையும் பட்டியில் அடைத்து, பட்டியைச் சுற்றி முள் அடுக்கிவிடுவார்.

நரி இருந்தது. ஒருமுறை ஒரு குட்டியைக் கொண்டுபோனது. அயலில் உள்ளவர்கள் நஞ்சு வைப்போம் என்று வந்தார்கள். "பட்டியில ஓட்டை விட்டது நான். நரிக்கு ஏன் தண்டனை? அது எலியையும் நண்டையும் திண்டு வயல்காரருக்கு உதவியெல்லோ செய்யுது" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அண்ணா பட்டியைப் புதிதாகக் கட்டினார். பிறகு குட்டி போகவில்லை.

இதெல்லாம் விளையாட்டுக்குச் செய்த வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புல் என்று ஒன்று இருக்காது. நிலம் வெடித்துக் கிடக்கும். அயலில் ஆடு வைத்திருப்பவர்கள் குழை தேடி மைல் கணக்கில் அலைவார்கள். அண்ணாவின் செம்மறிகள் அந்த நேரத்திலும் பற்றைக்குள் விழுந்த பழத்தையும் பச்சைக் குழையையும் தின்றுகொண்டு உருண்டு திரண்டு நிற்கும். வவுனியாவிலிருந்து கிடாய் வாங்க வருகிற வியாபாரி ஒருவர், வரும்போதெல்லாம் அந்தப் பற்றையை வெட்டச் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். ஒரு வரட்சிக் காலத்தில் வந்து ஆடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, உங்கட ஆடு மட்டும் என்னத்தைத் திண்டது?" என்று கேட்டார்.

"நீங்கள் வெட்டச் சொன்னதைத்தான் திண்டது" என்றார் அண்ணா.

காலபோக விதைப்புக்கு முன்னர் வயல்காரர்கள் முறை வைத்து அண்ணாவின் செம்மறிகளைக் கேட்டு வந்தார்கள். ஆடுகளைத் தங்கள் வயலில் இரவில் பட்டி அடைத்து எரு எடுப்பதற்கு. அறுவடை முடிந்ததும் நெல்மூட்டையோடு வீட்டுக்கு வருவார்கள். மிளகாய்த் தோட்டக்காரர்களும் எருவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஓடு போட்டது அந்தச் செம்மறிகள். மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியதும் அவைதான். சிரித்துவிட்டுப் போன ஊர், பிறகு குட்டி கேட்டு வந்தது.

ஆள்காட்டியைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குருவியால் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாவிட்டால் இந்த மலர் நிறைவுபெறாது. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை, வெறும் நிலத்தில்தான் முட்டை வைக்கும். முட்டை மண்ணின் நிறம். பார்த்துக்கொண்டே மிதித்துவிடலாம். ஆடு மிதிக்காமல் இருக்க அண்ணா முட்டையைச் சுற்றி முட்கொப்பு நடுவார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டி வருகிறவருக்குத் தூரத்திலேயே தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டுவார். துணி கிழித்துக் கொடுப்பது நான். கடையில் வெட்டுத் துண்டுகளுக்குக் குறைவில்லை.

ஒருமுறை நான் கொடுத்த துணி முடிந்துபோயிருக்கிறது. வேலியில் ஒரு சிவப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பழையதுதானே என்று அண்ணா ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். மகள் முதற் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த சேலை அது. ஓரம் அடித்துக் கொடுத்தவளே நான்தான். அன்று பின்னேரம் நான் படலையைத் திறந்ததும் தடியில் பறந்த துணியைக் கண்டு, "ஐயோ அண்ணை, இது ஆரின்ரை சீலை?" என்று கத்திவிட்டேன். அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த அண்ணி குசினியை விட்டு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாட்களுக்கு அந்த வீட்டில் கதை பேச்சு இல்லை. அண்ணி சோறு போடுவார், குழம்பு விடமாட்டார். குழம்புச் சட்டி அண்ணா சாப்பிட இருக்கிற கதிரைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். அண்ணா எழும்பிப் போய்த் தானே விட்டுக்கொள்வார். பிறகு ஒருநாள் முட்டை பொரித்தது. பஞ்சுப்பொதிக்குக் கால் முளைத்ததுபோலக் குஞ்சுகள் குசினி வாசல் வரைக்கும் ஓடி வந்தன. தாய்க்குருவி தலைக்கு மேலே பறந்து கத்திக் கத்தி எல்லோரையும் ஏசியது. அண்ணி அகப்பையோடு நின்று பார்த்துவிட்டு, "இதின்ரை வாயைப் பார், என்ரை சீலையையும் எடுத்துக்கொண்டு என்னையே ஏசுது" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அன்றைக்குக் குழம்பு கதிரையடிக்கே வந்தது. ஆனால் சாப்பாடு பரிமாறும்போதே, "எண்டாலும் அந்தப் பத்தையை வெட்டத்தான் வேணும்" என்று அண்ணி சொல்ல மறக்கவில்லை.

நாங்கள் பயந்த நாளும் வந்தது. எல்லை பார்க்கும் அதிகாரிகள் கிராம சேவகரோடு எங்கள் பக்கம் வந்தார்கள். எந்தக் காணி காடு, எந்தக் காணி குடிமனை என்று பார்த்துக் கல் நாட்டுவது அவர்களுடைய வேலை. நானும் அன்று அங்கே நின்றேன். பெரியவராக வந்தவர் மரியாதையான மனிதர். பற்றையைச் சுற்றி நடந்துவிட்டு, "ஐயா, முன்பக்கம் உங்கட வீடு, அது விளங்குது. இந்தக் கிழக்குப் பக்கம் காடாத்தானே கிடக்குது" என்றார். கல் ஏற்றிய வாகனம் வீதியில் நின்றது.  அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் என் காப்பு நெளிந்துவிட்டது.

"அது காடில்லைத் தம்பி. அது என்ரை ஆட்டுக்காலை, ஆடு தங்குற இடம்" என்றார் அண்ணா.

"ஆட்டைக் காணேல்லையே?"

"உள்ளுக்க படுத்திருக்குதுகள். இப்ப கூப்பிடுறன் பாருங்கோ."

அண்ணா தவிட்டு வாளியை எடுத்து வந்து தட்டினார். பற்றை அசையவில்லை. உச்சி வெயில். எந்தச் செம்மறி எழும்பும்? மறுபடியும் தட்டினார். இலைகள் அசைந்தன. ஒரு மயில் வெளியே வந்தது. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தோகையை இழுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது. அண்ணா இன்னும் பலமாகத் தட்டினார். முயல் ஒன்று பாய்ந்து ஓடியது. அதற்குப் பின்னால் காட்டுக்கோழி. அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல், "ஐயா, நீங்கள் தட்டத் தட்ட இது காடுதான் எண்டு தெரியுது" என்றார். கிராம சேவகர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

அண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வாளியைக் கீழே போட்டுவிட்டு, குளக்கட்டில் நின்று கூப்பிடுகிற அந்தக் குரலில், "எடியே, வாங்கோடி வெளியால!" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்குத்தான் அசைந்தன. முதலில் ஒரு கிழட்டு மறி தலையை நீட்டியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் வரிசையாக, முதுகில் கரிக்குருவிகளோடு, குட்டிகள் துள்ளிக்கொண்டு, முழுப் பட்டியும் அந்த ஒற்றையடிப் பாதையால் வந்துகொண்டே இருந்தது. வந்து அதிகாரியைச் சுற்றி நின்று அவருடைய காற்சட்டைப் பையை முகர்ந்தன.

"இது காடெண்டால் இவையள் ஆர் தம்பி?" என்று கேட்டார் அண்ணா.

அதிகாரி பிறகு குனிந்து பாதையால் உள்ளே போய்ப் பார்த்தார். ஆடு படுக்கிற இடம், எரு, மேய்ந்த கொப்புகள், கதியால் வேலி எல்லாம் பார்த்தார். வெளியே வந்து, மேய்ச்சலுக்குப் பாவிக்கிற காணி என்று குறிக்கச் சொன்னார். போகும்போது, "ஏன் ஐயா, வெட்டிவிட்டால் இந்தக் கரைச்சல் ஒண்டும் வராதே?" என்று கேட்டார்.

"வெட்டினா இதுகள் எங்க போய்ப் படுக்கும்? நான் ஒரு ஆளுக்காண்டி இத்தினை பேரை எழுப்பக் கூடாதெல்லோ" என்றார் அண்ணா.

அன்றிரவு நான் அங்கேயே சாப்பிட்டேன். அண்ணி பாயாசம் வைத்தார். பாயாசத்தைக் கொடுத்துக்கொண்டே, "இண்டைக்குத் தப்பினம். நாளைக்கே வெட்டிப் போடுங்கோ" என்றார். அண்ணா இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். அதுதான் பதில்.

எங்கள் பகுதியில் பலருக்கு வருகிற சிறுநீரக வருத்தம் அண்ணாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலையத் தொடங்கினார். மகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்குக் கடை. செம்மறிகளை அண்ணி பொறுப்பெடுத்தார். அதுவரை பற்றைக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு உள்ளே போனார். முதல் சில நாட்கள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் போவார். பிறகு கும்பிட மறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணா எங்களிடம் கேட்டதெல்லாம் ஆட்டைப் பற்றித்தான். வைத்தியர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், இரண்டு மறி குட்டி போடவேண்டியிருக்கிறது என்று சொல்லுவார். ஒருநாள் அண்ணி கைத்தொலைபேசியில் எடுத்து, "இஞ்ச கேளுங்கோ" என்று சொல்லிப் பற்றைப் பக்கமாகத் தொலைபேசியை நீட்டிப் பிடித்தார். நான் கட்டிலருகே இருந்தேன். ஆடுகள் கத்துவதும் குருவிகள் கத்துவதும் கேட்டன. அண்ணா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "ஆள்காட்டி பக்கத்தில நிண்டு கத்துது. முட்டை வைச்சிருக்குது. காலடியைப் பாத்து நட" என்றார்.

"எனக்குத் தெரியும். நேற்றே முள்ளு நட்டிட்டன்" என்று அண்ணியின் குரல் வந்தது. "சிவப்புத் துணியும் கட்டிட்டன்."

"ஆரின்ரை துணி?"

"உங்கட வேட்டிக்கரை."

அண்ணா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் நான் கடைசியாக மனம் நிறையக் கேட்டேன். சில நாட்களின் பின்னர் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மழை விட்ட ஒரு காலையில், மகள் தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கும்போது, வேதனை ஒன்றும் காட்டாமல் போய்விட்டார். எனக்குப் பெரிய துக்கம்தான். அதை மறைக்கவில்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போது முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வருகிறது.

அண்ணாவின் வருத்த காலத்தில் வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், செத்தவீட்டில் சமையலைப் பொறுப்பெடுத்த பெண்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும், தூர இடங்களிலிருந்து வந்து எங்களைத் தேற்றிய உறவுகளுக்கும், தங்கள் வயல் வேலையை விட்டுச் செம்மறிகளுக்குக் குழை கொண்டுவந்து போட்ட வயல்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி சொல்லி முடிக்கிற நேரத்தில் ஒரு மன்னிப்பும் கேட்கவேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் மாமாவின் மகன் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவர். தங்கமான மனம். இந்த மலர் வெளியாகிற முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனத்துக்கு இடம் போதாது என்று யோசித்து, ஒருவரிடமும் சொல்லாமல், போன கிழமை தன் செலவில் ஒரு டோசரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "மச்சாள், கிழக்குப் பக்கத்தை அரை நாளில துப்புரவாக்கித் தாறன். பந்தல் போடவும் வாகனம் விடவும் தாராளமா இடம் கிடைக்கும்" என்று என்னிடம் சொன்னார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு காலமும் நாங்கள் எல்லோரும் கேட்டது அதைத்தானே. டோசர் உறுமிக்கொண்டு இறங்கியது. சத்தம் கேட்டு அண்ணி ஈரக் கையோடு வந்தார். நேரே போய்ப் பற்றைக்கும் டோசருக்கும் நடுவில் நின்றார்.

"திருப்பி ஏத்துங்கோ தம்பி" என்றார்.

மாமாவின் மகன் திகைத்துப்போனார். "என்னக்கா, நீங்கள்தானே இந்தப் பத்தையை வெட்டுங்கோ வெட்டுங்கோ எண்டு ஊருக்கே கேக்கச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். அவருக்குச் சொன்னனான். அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீங்கள் அதில இறங்காதேங்கோ."

டோசர் திரும்பிப் போனது. மாமாவின் மகன் அன்றைக்கே கப்புகளை இறக்கிப் பந்தல் வேலையைத் தொடங்கினார்.

ஆகவே, அன்பான உறவுகளே, பந்தல் வீதியோரத்தில் நிற்பது இதனால்தான். வாகனங்களைக் குளக்கட்டடியில் விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்து சாப்பிடப் போகிறீர்கள். எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் போகும்போது அண்ணியிடம் போய், "இந்தப் பத்தையை வெட்டினா என்ன?" என்று தாராளமாக ஒரு சண்டை போட்டுவிட்டுப் போங்கள். அவருக்கு இப்போது வீட்டில் சண்டை பிடிக்க ஆள் இல்லை.